சூரியநெல்லியில் வளர்ந்த எலும்பு

பொள்ளாச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஓட்டல் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மற்ற ஓட்டல்களில் எதிர் நாற்காலியில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி ஒரு பலகை அடித்திருக்கிறார்கள். அதன் முன்னால் உட்கார்ந்தால் எதிரில் ஒரு நாட்காட்டி மட்டுமே. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, கரண்டியால் மசித்து, வாயின் வலது பக்கமாக ஒதுக்கி விழுங்கினேன். எனக்குப் பின்னால் யாரோ ரோஸ்ட்டின் ஓரத்தை உடைத்தார்கள். நல்ல முறுகல். சத்தத்திலேயே தெரிந்தது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது பத்திரிகைப் பழக்கம். என் கீழ்த்தாடையில் இடது பக்கம் எலும்பு இல்லை. புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி வளர்ந்து எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பற்களோடு சேர்த்து அறுத்து எடுத்துவிட்டார்கள். இடைவெளியை ஒரு டைட்டானியத் தகடு பிடித்துக்கொண்டிருக்கிறது. தகடு முகத்தைத் தாங்கும், மெல்லாது. கீழுதட்டின் இடது பாதிக்கு உணர்ச்சியும் போய்விட்டது. கோவையில் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளனாக ஊர் ஊராகச் சுற்றி, மற்றவர்கள் வாயைப் பார்த்தே பிழைத்தவன் நான். இப்போது மற்றவர்கள் என் வாயைப் பார்க்கிறார்கள்.

இப்படிப் போன எலும்புக்குப் பதிலாகக் கால் எலும்பில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடு எடுத்து வைப்பது வழக்கம். என் கால் ரத்தக்குழாய்கள் அதற்குத் தோதாக இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. இன்னொரு வழி இருக்கிறது என்றார் கோவையில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். வயிற்றில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைச் சிறு குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அந்தக் கொழுப்புக்குள் எலும்பாக மாறக்கூடிய மூலச் செல்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து ஆய்வகத்தில் பெருக்கி, கால்சியத் துகள்களில் ஏற்றி, ஒரு வலைக்கூட்டில் அடைத்துத் தாடையின் இடைவெளியில் வைப்பார்கள். பல மாதம் காத்திருந்தால் அந்த இடத்தில் எலும்பு வளரலாம். அதில் பல் நடலாம்.

“வளரலாம்னுதான் சொல்றேன், வளரும்னு சொல்லலை. இது இன்னும் சோதனையாத்தான் நடக்குது” என்றார் டாக்டர். பிறகு, “எங்ககிட்ட ஒரு அம்மாவுக்கு வளர்ந்திருக்கு. சூரியநெல்லி பக்கம், எஸ்டேட்ல இருக்காங்க. நீங்க சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்களைப் பாத்துட்டு வாங்க. நான் கேட்டுட்டேன், வரச் சொன்னாங்க” என்றார்.

அதனால் இந்தப் பயணம். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், பேச்சும் தென்னையும் பொள்ளாச்சியைப் போலவே இருக்கும். கேரளத்தில் கிளம்பி, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும்.

கிளம்பும்போது என் மனைவி பூங்கொடி துண்டை மடித்துப் பையில் வைத்தபடி கேட்டாள். “ஏனுங்க, பழக்கமில்லாத பொம்பளைகிட்டப் போயி வாயத் தொறந்து காட்டுன்னா கேப்பீங்க?”

“அவங்களேதான் வரச் சொன்னாங்க.”

“என்னத்தக் கேக்கப் போறீங்க?”

“மெல்ல முடியுதான்னு.”

“அத போன்லயே கேட்டுப்போடலாமில்லீங்க?”

கேட்கலாம்தான். ஆனால் போனில் பேசுகிறவர்கள் எதிரில் இருப்பவன் மனம் கோணாமல் பேசுவார்கள். வாய் மெல்வதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

பூங்கொடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு அப்பளம் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் இவள் சோற்றுக்கு அப்பளம் தின்கிறாளா, அப்பளத்துக்குச் சோறு தின்கிறாளா என்று என் தங்கை கேலி செய்வாள். என் ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு அப்பளம் வருவதில்லை. நான் சாப்பிட்டு எழுந்து வெளியே போன பிறகு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் தின்கிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் அப்பளச் சத்தம் கேட்காது என்பது அவள் எண்ணம். நானும் கேட்காதவனாகவே இருந்துகொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து பொள்ளாச்சி வந்த பஸ்ஸில் கண்டக்டர் நான் இறங்கும் ஊரை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். உதடு ஒத்துழைக்காததால் எனக்குப் ‘ப’வும் ‘ம’வும் வழுக்கும். அவர் முன்னால் போய் டிரைவரிடம் மலையாளத்தில் சொன்னார்: “கள்ளுக்கடையை இவருக்கென்று விடியற்காலையிலேயே திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.” டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “பாவம், இறங்கும்போது பிடித்து இறக்கிவிடு” என்றார். இறங்கும்போது கண்டக்டர் உண்மையாகவே முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மரியாதையான ஊர்தான்.

உடுமலையில் மூணாறு பஸ். ஜனவரி மாதம், வெயில் இதமாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மறையூரில் மகளைப் பார்க்கப் போகிற பெரியவர். காரப்பொரிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். வேண்டாம் என்று கையசைத்தேன். “வெரதமுங்களா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டுவது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு, விரதக்காரனுக்கு முன்னால் தின்னக்கூடாது என்று அவரும் பொட்டலத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். என்னால் பட்டினி கிடப்பவர்கள் பட்டியலில் இன்னொருவர்.

சின்னாறு பாலத்தைத் தாண்டியதும் கேரளம். சோதனைச் சாவடியில் ஒரு வனக்காவலர் பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். முட்புதர்க் காடு மெல்லப் பச்சையாக மாறி, மறையூர் நெருங்கும்போது இரண்டு பக்கமும் கரும்பு. காற்றிலேயே பாகு வாசனை. அங்கேதான் டயர் பஞ்சரானது. ஸ்டெப்னி டயரிலும் காற்று இல்லை என்பது அதைக் கீழே இறக்கிய பிறகுதான் தெரிந்தது. டிரைவரும் கண்டக்டரும் அதைப் போன வாரம் யார் பார்த்திருக்க வேண்டும் என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள்.

சாலையோரம் ஒரு வெல்ல ஆலை இருந்தது. ஆலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓலைக் கூரை, கரும்பு பிழியும் எந்திரம், கீழே நெருப்பு, மேலே கட்டிலை விடப் பெரிய கொப்பரை. பஸ் மொத்தமும் அங்கே போய் நின்றது. ஆலைக்காரர் ஒரு கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தார். என் கையிலும் ஒன்று வந்தது.

பெரியவர் முன்பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைவாயில் கரும்பைச் செருகி ஒரு திருகு திருகினார். சாறு மோவாயில் வழிந்தது. ஒரு பெண் நடந்துகொண்டே சக்கையைத் துப்பினாள். ஆளாளுக்கு ஒரு தினுசில் கடித்தார்கள். கடிக்கும்போது காதுக்கு முன்னால் ஒரு தசை எழும்பி இறங்குமே, அத்தனை முகங்களிலும் அது எழும்பி இறங்குவதைப் பார்த்தேன். எனக்கு இடது பக்கம் அந்தத் தசை இன்னும் இருக்கிறது. அது இழுக்க எதிரில் எலும்புதான் இல்லை.

“தின்னுங்க சார், பல்லுக்கு நல்லது” என்றார் ஆலைக்காரர்.

“வெரதங்க அவருக்கு” என்று பெரியவர் எனக்காகப் பதில் சொன்னார்.

“கரும்புக்கு என்ன விரதம்? அம்பலத்துல பிரசாதமாவே கொடுக்குறாங்க.”

கரும்பைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆலைக்காரருக்கு மனம் கேட்கவில்லை. கொப்பரையின் ஓரத்தில் இறுகத் தொடங்கியிருந்த பாகைக் கரும்புத் தோகையில் வழித்துக் கொடுத்தார். அது சாப்பிட முடிந்தது. நாக்கில் வைத்ததும் கரைந்து, இஞ்சி வாசனையோடு தொண்டையில் இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பல்லுக்கு வேலையில்லாத ருசி வந்த வேகத்தில் போய்விடுகிறது. நாளை பார்க்கப் போகிற அம்மாவுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று உருண்டை வெல்லம் ஒரு பொட்டலம் வாங்கினேன். மெல்ல வேண்டாத பண்டம், யாருக்கும் சங்கடம் இராது என்று கணக்கு.

மூணாறு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். குளிர் மற்றவர்களுக்குக் காதில் தெரியும், எனக்குத் தகட்டில் தெரிகிறது. கன்னத்துக்குள் யாரோ ஒரு கரண்டியை ஐஸில் தோய்த்து வைத்தது போல இருந்தது. மப்ளரைத் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு டீக்கடையில் பழம்பொரி வாங்கினேன். மொறுமொறுப்பான மாவுத்தோலை உரித்து வைத்துவிட்டு உள்ளே இருந்த ஏத்தன் வாழைப்பழத்தை மட்டும் சாப்பிட்டேன். கடைக்காரர் நான் விட்டுப்போன தோலைப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் சொன்னார்: “மாவில் ஏதாவது குறையா என்று ருசித்துப் பார்.” அந்த ஆள் என் எதிரிலேயே அதை எடுத்துக் கடித்து, “ஒரு குறையுமில்லை” என்றார். எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை சூரியநெல்லிக்கு ஜீப். இருக்கையைவிட ஆட்கள் அதிகம் என்பதால் நான் ஒரு முட்டைக்கோஸ் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். மலையைச் செதுக்கிப் போட்ட சாலை, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பனி. சின்னக்கானலில் யானை நிற்கிறது என்று எதிரே வந்த ஜீப்காரர் சொல்ல, எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்க ஆரம்பித்தார். “யானை போகட்டும், அதற்கும் வேலை இருக்குமல்லவா” என்று பின்னாலிருந்த பெண் மலையாளத்தில் சொன்னார். யாரும் பதற்றப்படவில்லை. யானை போனது எங்களுக்குத் தெரியாது. டிரைவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பேச்சியம்மாவைத் தேயிலைக் காட்டில்தான் சந்திக்க வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். சரிவின் கீழே பாதையோரத்தில் காத்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, இடுப்பில் செடி கிழிக்காமலிருக்கக் கட்டிய பிளாஸ்டிக் படுதா, தலையில் துண்டு.

“வாங்க அண்ணாச்சி. சூப்பர்வைசர்ட்ட எங்க பெரியம்மா மகன்னு சொல்லிருக்கேன். யாரும் கேட்டா அப்படியே சொல்லுங்க.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தாடை போனவர்கள் சந்தித்தால் மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்த வேண்டியதில்லை. அவருடைய வலது கன்னத்தின் கீழே தழும்பு, காதிலிருந்து மோவாய் வரை. ஆனால் தாடைக் கோடு நேராக இருந்தது. என் முகம் ஒரு பக்கம் உள்வாங்கியிருப்பது போல அவருடையது இல்லை.

“தொட்டுப் பாருங்க, சும்மா” என்று தாடையை நீட்டினார். ஒரு விரலால் தொட்டேன். தோலுக்கடியில் எலும்பு. கொஞ்சம் கரடுமுரடாக, ஆனால் எலும்பு.

“வயித்துல இருந்தது இது” என்றார் பேச்சியம்மா. “நெனச்சா சிரிப்பா வருது.”

மேலே ஒரு பாறையடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். தனியாகப் பேசிவிட்டுப் போய்விடலாம் என்று எண்ணியிருந்தேன். சுவர் எதுவும் இல்லாத இடம் அது.

“நீங்க சாப்பிடுங்க, நான் இங்கயே இருக்கறனுங்க” என்றேன்.

“பெரியம்மா மகன் கீழ நின்னா நல்லாவா இருக்கும்?”

வட்டத்தில் எனக்கு இடம் விட்டார்கள். பேச்சியம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த தங்கம் என்ற பருத்த பெண்தான் அந்த வட்டத்தின் வாய். நான் வெல்லப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பேச்சியம்மா பிரித்துப் பார்த்தார். மொத்த வட்டமும் சிரித்தது. ஒருத்தி சிரிப்பு தாங்காமல் பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்தாள்.

“ஏட்டி பேச்சி, ஒன்ன மறுபடியும் ஆசுபத்திரியில படுக்கவைக்க ஆளு வந்திருக்கு” என்றாள் தங்கம்.

எனக்குப் புரியவில்லை. தங்கம் விளக்கினாள்.

“டாக்டரம்மா இவட்ட, வயித்துக் கொழுப்புல இருந்துதான் எலும்பு செய்யணும்னு சொல்லிட்டாவ. இவளப் பாருங்க. சட்டத்துல சீலையச் சுத்தி வச்சாப்புல இருக்கா. இதுல எங்க கொழுப்பு எடுக்க? லயத்துல எல்லாருமாச் சேந்து பேசினோம். வீட்டுக்கு ஒரு நாளுன்னு மொற போட்டுட்டோம். ஆப்ரேசன் வரைக்கும் இவளுக்கு ஊட்டி வளக்குறதுன்னு.”

லயம் என்பது தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் கட்டிடம். அந்த வரிசை முழுக்க ஒருத்தியைக் கொழுக்க வைக்க இறங்கியிருக்கிறது. மெல்ல முடியாதவள் என்பதால் எல்லாவற்றையும் அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நெய் ஊற்றிய கேப்பைக் கூழ், வேகவைத்து மசித்த ஏத்தம்பழம், ஆட்டுக்கால் சாறு, எல்லாவற்றுக்கும் மேலே மறையூர் வெல்லம்.

“காலையில ஒருத்தி வருவா, மத்தியானம் ஒருத்தி வருவா. வேண்டாம்னு சொன்னா கோவம்” என்றார் பேச்சியம்மா. “அவ வீட்டுக் கூழக் குடிச்ச, எங்க வீட்டுது கசக்குதாம்பா. எல்லாத்தயும் குடிச்சேன். வயிறு வந்துச்சு. சந்தோசமா போனோம், ஜீப்பு புடிச்சு. ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு டாக்டரம்மா தலையில கைய வச்சிட்டாவ. ஷுகர் ஏறிக் கெடக்கு. இப்பம் கத்தி வைக்க முடியாது, போயிட்டுக் கொறச்சிட்டு வான்னுட்டாவ.”

“எவ்வளவு கொழுப்புங்க தேவைப்பட்டுது?” என்று கேட்டேன்.

பேச்சியம்மா தன் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். “இம்புட்டு. அது மொதல்லயே எங்கிட்ட இருந்துச்சாம்.”

“அவளுக்கா கொழுப்புக்குப் பஞ்சம்?” என்றாள் ஒருத்தி. மறுபடி சிரிப்பு.

“நான் கேட்டேன் அண்ணாச்சி” என்று தங்கம் தன் வயிற்றைத் தட்டினாள். “எங்கிட்ட இவ்வளவு சும்மா கெடக்கே, இதுல எடுத்துக்கிடுங்கன்னு. அவ கொழுப்புதான் அவளுக்குச் சேருமாம். கூடப் பொறந்தாப்புல இருந்தும் ஒண்ணுக்கும் ஆவல.”

அதைச் சொல்லும்போது தங்கம் சிரிக்கவில்லை.

சாப்பாடு தொடங்கியது. அங்கே ஒரு வழக்கம், முதல் கவளத்தைத் தன் சட்டியிலிருந்து எடுப்பதில்லை, பக்கத்துச் சட்டியிலிருந்து எடுக்கிறார்கள். எனக்கு ஒரு கிண்ணத்தில் ரசச்சோறு பிசைந்து கொடுத்தார் பேச்சியம்மா. யாரிடமும் கேட்காமலே நன்றாகக் குழைத்திருந்தார். அவருடைய சட்டியில் எல்லோரையும் போல உதிரிச் சோறும் வறுத்த கருவாடும். நான் வந்த காரியத்தைப் பார்த்தேன்.

கருவாட்டை வலது கடைவாய்க்குக் கொண்டுபோனார். கடித்தார். நொறுங்கிற்று. தாடை பக்கவாட்டில் லேசாக நகர்ந்து அரைத்தது. காதுக்கு முன்னால் அந்தத் தசை எழும்பி இறங்கியது. செய்தியாளனாக எத்தனையோ கட்டிடத் திறப்பு விழாக்களுக்குப் போயிருக்கிறேன். எதையும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

“பல்லு ரெண்டு நட்டிருக்காவ” என்று வாயைத் திறந்து காட்டினார். “எலும்பு வந்துருச்சான்னு கேட்டா வந்துருச்சு. பழையபடி ஆயிருச்சான்னு கேட்டா இல்ல அண்ணாச்சி. பொய் சொல்லக்கூடாதுல்லா. ஒதட்டுல இன்னும் மரப்புதான். அது வராதுன்னுட்டாவ. சூடு தெரியாது, ஒட்டியிருந்தா தெரியாது.”

சொல்லும்போதே அவர் கீழுதட்டுக்குக் கீழே ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. தங்கம் யாரோ ஒருத்தியின் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சை நிறுத்தாமல் தன் மோவாயை ஒரு விரலால் தொட்டாள். பேச்சியம்மா தன் மோவாயைத் துடைத்துக்கொண்டார். அவர்களில் யாருமே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“மொதல் மொதல்ல என்னத்தங்க கடிச்சீங்க?” என்றேன். நான் ஊரிலிருந்து எடுத்து வந்த கேள்வி இதுதான்.

“‘ங்க’ போட்டே பேசுறாவ, கேக்க நல்லாருக்கு” என்றாள் ஒருத்தி. “கோயம்புத்தூர் பக்கம் செடிக்கும் ‘ங்க’ போடுவாவளா?”

பேச்சியம்மா கொஞ்சம் யோசித்தார். “நூலு” என்றார்.

“நூலா?”

“பல்லு வச்ச பொறவு ரொம்ப நாளு ஒண்ணையும் கடிக்கக் கூடாதுன்னாவ. பயந்துகிட்டே இருந்தேன். ஒரு நாளு இந்தப் படுதாவுக்கு நாடா தச்சிட்டு இருந்தேன். கையில கத்திரி இருக்கு. ஆனாலும் வாயி தன்னால போயிருச்சு. நூலு அறுந்துருச்சு. அய்யய்யோன்னு வாயத் தொட்டுப் பாக்கேன், பல்லு அப்படியே நிக்கி.” “அன்னிக்கு ஒரு கண்டு நூலையும் கடிச்சே தீத்தேன்.”

அதற்குள் தங்கத்தின் பேச்சு கல்யாணத்திலிருந்து சீர்வரிசைக்குப் போயிருந்தது. பேசியபடியே அவள் என் பக்கம் பார்த்துத் தன் மோவாயைத் தொட்டாள். எனக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். ரசம் வழிந்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சீர்வரிசையில் பீரோ உண்டா இல்லையா என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

யாரோ ஒரு டப்பாவைத் திறந்து முறுக்கைச் சுற்றுக்கு விட்டார்கள். எனக்கு வந்தபோது கடத்திவிட்டேன். வட்டத்தில் நொறுக்கும் சத்தம் எழுந்தது. நான் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டேன் போலிருக்கிறது. பேச்சியம்மா கவனித்துவிட்டார்.

“வீட்டுல ஒங்களுக்காக எல்லாரும் நொறுக்குத்தீனிய விட்டுட்டாவளா?”

“ஆமாங்க. சம்சாரம்.”

“இவளுவளும் அப்படித்தான் செஞ்சாளுவ” என்று வட்டத்தைக் காட்டினார். “நான் கூழு குடிக்கிறேன்னு, ஒருத்தியும் அப்பளம் கொண்டு வர மாட்டா, கருவாடு கொண்டு வர மாட்டா. எல்லாரும் தயிர்ச்சோறு. சத்தமே இல்லாம விழுங்கிட்டு எந்திரிப்பாளுவ. எழவு வீட்டுல சாப்பிட்ட மாதிரி இருக்கும். மாசக்கணக்குல பொறுத்தேன். ஒரு நாளு நானே கடையில போயி முறுக்கு வாங்கிட்டு வந்து நடுவுல கொட்டினேன். கடிங்கட்டின்னேன். எனக்குத்தான் பல்லு இல்ல, காது இருக்குல்லா?”

“அழுதுகிட்டே கடிச்சோம், பாத்துக்கிடுங்க” என்றாள் தங்கம். “உப்பு கூடிப்போன முறுக்கு வேற.”

மேலே சூப்பர்வைசரின் விசில் கேட்டது. தூக்குச்சட்டிகளை மூடி, படுதாவை உதறிக்கொண்டு எழுந்தார்கள். வெல்லப் பொட்டலத்தைத் தங்கம் எடுத்துக்கொண்டாள், பேச்சியம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப் போவதாகச் சொல்லி. பையில் மறையூர்க் கரும்புத் துண்டு இருந்தது நினைவுக்கு வர, அதைப் பேச்சியம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி, தோலை ஒரே இழுப்பில் பல்லால் உரித்தார். உரித்துவிட்டு அவரே ஆச்சரியப்பட்டவர் போலப் பார்த்தார்.

“கொழுப்பு ஏத்துறேன்னு ஒண்ணும் திங்காதீங்க அண்ணாச்சி” என்று சரிவில் ஏறியபடி கத்தினார். “உள்ளதே போதும்!”

மூணாறு திரும்பும் ஜீப்பில் இடம் கிடைத்தது, யானை இல்லை. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு டாக்டருக்கு, சோதனையில் சேர்ந்துகொள்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். உதட்டுக்கு உணர்ச்சி வராது என்பதையும் சேர்த்தே ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது வாக்கியம் தேவைக்கு மேல் நீளமாக இருந்தது. வெட்டாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் பொள்ளாச்சியில் சாப்பிடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று பூங்கொடியிடம் போனில் சொல்லியிருந்தேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். “எதுக்குங்க இப்போ?” என்றாள். “பொரிச்சு வை” என்றேன்.

மேசையில் எனக்குக் குழைந்த சோறும் பருப்பும் இருந்தன. நடுவில் ஒரு தட்டில் அப்பளம், தட்டை மூடி இன்னொரு தட்டு.

“நெசமாவே எலும்பு வந்திருக்குதுங்களா அவங்களுக்கு?”

“தொட்டுப் பாத்தேன்.”

“உங்களுக்கும் வருமுங்களா?”

“தெரியாது. போறேன்னு சொல்லிட்டேன்.”

தலையாட்டினாள். மேல்தட்டை எடுத்தாள். ஓர் அப்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் சமையலறைப் பக்கம் எழுந்தாள்.

“இங்கயே உக்காந்து சாப்பிடு, பூங்கொடி.”

உட்கார்ந்தாள். அப்பளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில், மிகச் சிறிதாக, சத்தம் வந்துவிடுமோ என்று பயந்தவள் போலக் கடித்தாள். நொறுங்கிற்று. நல்ல பொரிப்பு.

மென்று விழுங்கும்வரை அவள் காதுக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டோரத்தில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. என் மோவாயைத் தொட்டுக் காட்டினேன். துடைத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு எடுத்துக்க” என்றேன்.